ஷாட்கன் உதைக்கு மசில் பிரேக்கா, ரப்பர் பேடா? உப்புக் காற்றில் இருப்பவன் போட்ட கணக்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வலது தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்தது. நான் சுடுவது டிராப், பறக்கவிடும் களிமண் தட்டைச் சுட்டு உடைக்கும் விளையாட்டு. பயிற்சியில் ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. மூன்றாவது ரவுண்டு தாண்டினால் துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போதே உடம்பு பின்வாங்கும். மறுநாள் காலை தண்டையார்பேட்டையில் பஸ் ஏறினால் மேல் கம்பியைப் பிடிக்கக் கை எழாது. என்னுடையது 12 போர் பம்ப் ஷாட்கன் (முன்பிடியைப் பின்னிழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ரகம்), ஒற்றைக் குழல், 3.2 கிலோ. தோளில் வைக்கும் கட்டையின் பின்புறம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. உதை முழுவதும் எலும்பில்தான் இறங்கியது.

கேட்டவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். குழல் வாயில் அளவெடுத்துச் செய்த மசில் பிரேக் மாட்டுவது ஒன்று. பின்னால் நல்ல ரப்பர் பேட் போட்டு, தோட்டாவின் எடையைக் குறைப்பது இன்னொன்று. நான் இரண்டாவதற்குப் போனேன், இன்றும் அதுதான் சரி என்கிறேன்.

மசில் பிரேக் செய்வது ஒரே வேலை. குழலிலிருந்து முன்னால் பாயும் வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்பக்கமாகவும் திருப்பிவிடும். ரைபிளில் இது பிரமாதமாக வேலை செய்யும். .30-06 போன்ற தோட்டாவில் 11, 12 கிராம் குண்டுக்குப் பின்னால் மூன்றரை கிராம் அளவுக்கு வெடிமருந்து எரிகிறது. உதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வாயுவால் வருவது. ஷாட்கன் கணக்கு வேறு. 28 கிராம் ஈயம், கூடவே அந்த ஈயச் சிறுகுண்டுகளைத் தாங்கிப் போகும் இரண்டு மூன்று கிராம் பிளாஸ்டிக் வாட், இத்தனையையும் நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் தள்ளுவது ஒன்றரை கிராமுக்கும் குறைவான மருந்து. அது சீக்கிரம் எரிந்துவிடுவதால் நீளமான குழலின் வாய்க்கு வரும்போது அழுத்தம் வெகுவாக இறங்கியிருக்கும். நான் போட்டுப் பார்த்த கணக்கில் வாயுவின் பங்கு எட்டில் ஒன்றுதான். மிச்சமெல்லாம் ஈயத்தின் எடை, அதை எந்த பிரேக்கும் திருப்ப முடியாது.

பிரேக் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் ஒரு மூத்தவர் பிரேக்குக்குப் பதிலாக, வாயு மேலே வெளியேறும்படி தன் குழலின் வாய்ப் பக்கம் மேலே வரிசையாகத் துளை போட்டு வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் நிற்க, அதில் இரண்டு ரவுண்டு, 50 தட்டு சுட்டேன். தோளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குழல் வாய் மேலே துள்ளுவது நிச்சயமாகக் குறைவு. முதல் குண்டு தவறினால் இரண்டாவதுக்குக் கண் சீக்கிரம் தட்டுக்குத் திரும்பிவிடுகிறது. முழு பிரேக் மாட்டிய ஷாட்கன்னை நான் சுட்டதில்லை, அதனால் அதன் சுகம் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். சத்தம் எப்படியும் பக்கத்துச் சுடும் இடத்தில் நிற்பவர் காதுக்குத்தான் போகும்.

அடுத்தது லேத்து விஷயம். வடசென்னையில் நல்ல கை உள்ள டர்னருக்குப் பஞ்சமில்லை. திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், "அண்ணே, வரைபடம் மட்டும் குடுங்க, அரை நாள்ல கடைஞ்சு திரெட் போட்டுத் தந்துடறேன்" என்றார். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியை மாற்றி அமைக்கவும் பழுதுபார்க்கவும் அதற்கென்று லைசென்ஸ் வேண்டும். பட்டறையில் கொடுத்தால் அவரும் மாட்டுவார், நானும் மாட்டுவேன். லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்தாலும், முதலில் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில், சென்னைக்காரர் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில், எழுதிக் கேட்டுவிட்டுச் செய்வதுதான் நல்லது. வேலையும் லேசுப்பட்டதல்ல. வாய்ப் பக்கம் குழலின் சுவர் மெல்லியது. திரெட் வெட்டினால் இன்னும் மெலியும், மையம் இம்மி பிசகினாலும் பிரேக்குக்குள் விரிகிற வாட் இடிக்கும்.

இதையெல்லாம் தாண்டி என் முடிவைத் தீர்த்தது பராமரிப்பு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்து அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பிவிடும். எங்கள் வீட்டு பீரோ சாவித் துவாரத்துக்கே மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோம். அப்படிப்பட்ட காற்றில் ஒரு ஷாட்கன்னை வைத்துக் காப்பாற்றுவது தினசரிக் கவனம். குழல் உள்ளே பிரஷ், வெள்ளைத் துணி, மெல்லிய எண்ணெய், வெளியே ஒரு துடைப்பு. பழகினால் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

துளை இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. மூத்தவரின் துப்பாக்கியை அன்று அவரோடு உட்கார்ந்து துடைத்தேன். அவர் வீடும் திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம்தான். குழல் உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பு. துளைகளில் மட்டும் கரி அடைத்துக் கிடந்தது. பல்குத்தும் குச்சியை விட்டு நெம்பினால், வாட் உரசிச் சீவிய பிளாஸ்டிக் சாம்பல் நிற நாராக வந்தது. அதை எடுத்த பிறகு வேட்டித் துணியை முறுக்கி நுழைத்து இழுத்தேன். துணியில் செம்மண் கோடு. அவர் அலட்சியக்காரர் இல்லை, ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடைப்பவர். குழலின் வெளியே நீலப் பூச்சு இருக்கிறது, உள்ளே குரோம் இருக்கிறது. பிறகு துளைத்த ஓட்டையின் சுவரில் இரண்டும் இல்லை, வெறும் இரும்பு. அதில் ஒட்டிய கரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் விட்டால் அடுத்த நாள் சுடும்போது கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் தூறினால், பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தும் அவருக்கு நிம்மதி இல்லை. தனியாகச் செய்து மாட்டும் பிரேக் என்றால் மறைத் திரெட் வேறு. அதற்குள் உப்பு ஏறிவிட்டால் கழற்றும்போது பிடித்துக்கொள்ளும்.

வாரம் ஒரு நாள் சுடுகிறவன் நான். உதையில் எட்டில் ஒரு பங்குக்காக ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் குச்சியோடு உட்கார எனக்கு மனமில்லை. வேண்டாம் என்று பிறகு தோன்றினாலும் துளையை அடைக்க முடியாது. விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

பேட் விஷயம் இவ்வளவு இழுக்காது. உதையின் மொத்த அளவை அது குறைப்பதில்லை, கொஞ்சம் நேரம் நீட்டி, அகலமான இடத்தில் பரப்பி இறக்குகிறது. தோளுக்கு அது போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பேடின் தடிமன் அளவுக்குக் கட்டை நீண்டுவிடும். நான் குள்ளம். அப்படியே மாட்டியிருந்தால் கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தை விட்டு விலகியிருக்கும். லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்து, பேட் வரும் அளவுக்குக் கட்டையைப் பின்னால் அறுத்துப் பொருத்தினேன். முதல் தடவை அறுத்த கோணம் சரியில்லை, பேடின் கீழ்முனை மார்பில் குத்தியது. திரும்பப் போய்ச் சரிசெய்த பிறகுதான் பேடின் பயனே தெரிந்தது.

தோட்டாவை 28 கிராமிலிருந்து 24-க்கு இறக்கியது இன்னும் பெரிய மாற்றம். அதே வேகத்தில், அதே துப்பாக்கியில் உதையின் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ஒலிம்பிக் டிராப்பிலேயே 24 கிராம்தான் வரம்பு, ஆகவே தட்டு உடையாதோ என்ற பயம் வேண்டாம். எப்போதும் கையில் கிடைக்குமா என்பதுதான் பிரச்சினை. இரண்டு முறை கிடைக்காமல் 28-க்கே திரும்பினேன், அன்றைக்கும் பேட் இருந்ததால் தோள் தாங்கியது.

கழற்றி மாட்டும் சோக் (ஈயக் குண்டுகள் சிதறாமல் குழல் வாயைக் குறுக்கும் பகுதி) உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்கள் துளையுள்ள ஸ்டெய்ன்லெஸ் சோக் டியூபை யோசிக்கலாம். குழலில் கை வைக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். என் குழலில் சோக் நிலையானது, அதனால் அதைப் பற்றி என் அனுபவம் பூஜ்யம். போட்டிக்குப் போகிறவர்கள் எதை வாங்கினாலும் விதிப் புத்தகத்தில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேட் எத்தனை வருஷம் தாங்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சில ரகங்கள் நம் வெயிலில் பிசுபிசுத்துப் போவதைக் கிளப்பில் பார்த்திருக்கிறேன். என்னுடையதை துப்பாக்கி எண்ணெய் படாமல், ஒரு பருத்தித் துணி உறை போட்டு வைக்கிறேன். மூன்றாவது மழைக்காலம் தொடங்கிவிட்டது. நேற்று ராத்திரி உறையைக் கழற்றி ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் உடனே நிமிர்ந்தது.