கல்விக் கடன் வாங்கித் தருகிறோம் என்ற போர்டை நம்பி 18,500 ரூபாயை விட்டேன்

கோபம் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மதியம்தான் வங்கியில் உண்மை தெரிந்தது.

மகள் பிளஸ் டூவில் 551. கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. நாலு வருடக் கட்டணம், விடுதி எல்லாம் கூட்டினால் கையில் இருப்பது போக 3,80,000 ரூபாய் கடன் வேண்டும். பேருந்து நிலையம் பக்கம் மாடியில் ஒரு கல்விக் கடன் ஆலோசனை மையம். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கெஞ்சுகிறார்கள், விட்டுவிடுகிறேன்.

அந்த ஆள் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மார்க் ஷீட்டை வாங்கி ஒவ்வொரு பாடமாக வாய்விட்டுப் படித்தான். “அக்கா, இந்த மார்க்குக்கு எந்த மேனேஜர் இல்லைன்னு சொல்லுவார்?” என்றான். அடமானம் வைக்க எங்களிடம் சொத்து எதுவும் இல்லையே என்றேன். “சொத்து ஜாமீனே இல்லாம வாங்கித் தர்றதுதான் நம்ம ஸ்பெஷல்” என்று சொல்லி, என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போன் போட்டான். மறுமுனையில் ஒரு ‘மேனேஜர்’. மகளின் பெயரைக் கேட்டுவிட்டு, “நல்லா படிம்மா” என்று வாழ்த்து வேறு சொன்னார். அவள் எழுந்து நின்று “தேங்க்ஸ் சார்” என்றாள், போனைப் பார்த்து. அங்கேதான் விழுந்தேன்.

ஃபைல் சார்ஜ் என்று 3,500 ரொக்கம். நாலு நாள் கழித்து, வட்டி மானியத்தைப் பிடித்துவைக்க என்று 15,000 போனில் அனுப்பினேன். மறுநாளே வங்கிச் சின்னம் போட்ட அனுமதிக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆக 18,500. ரசீது கேட்கவில்லை. நான் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். ஐம்பது ரூபாய் டீச் செலவுக்கும் வவுச்சர் கேட்கிறவள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு கதை. சர்வர் வேலை செய்யவில்லை. மேனேஜர் டிரெய்னிங் போயிருக்கிறார். “ஆடி பிறந்துடுச்சுக்கா, புதுசா எதுலயும் கையெழுத்துப் போட மாட்டார்.” வங்கிக்கு ஆடி என்ன, ஆவணி என்ன! நேரில் போனால் சார் வெளியில் போயிருப்பதாக அங்கிருந்த பெண் சொல்கிறாள். சாரின் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது.

நேற்று அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே வங்கிக்கே போனேன். அதிகாரி அம்மா ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “இது எங்க லெட்டரே இல்லம்மா. உங்க பொண்ணு பேர்ல விண்ணப்பமே வரலை.” அப்புறம் அவர் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு யாரிடமும் சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது விதியாம். அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்படிப்புகளுக்கு வட்டி மானியத் திட்டமும் இருக்கிறது. வருமானச் சான்றிதழோடு வங்கி வழியாகவே கேட்க வேண்டும். இதில் ‘பிடித்துவைக்க’ என்ன இருக்கிறது? சும்மா கிடைப்பதை எனக்கு 18,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறான். விற்கவும் இல்லை, விண்ணப்பமே போடவில்லையே!

போன் போட்டுக் கேட்டால், “ஃபைல் சார்ஜ் திரும்ப வராதுக்கா.” மீதி 15,000? கட் பண்ணிவிட்டான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடன் கைக்கு வரும் முன்பே யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதிக் கடிதம் வந்தால் அதே கிளைக்குப் போய்க் காட்டுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். நான் இரண்டு கொடுத்திருந்தேன், அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று நேற்றே வங்கியில் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுத்தேன். போனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். நான் இருபது நாள் கழித்து அடித்தேன். புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

கல்லூரியில் முதல் தவணை கட்ட இன்னும் ஒன்பது நாள். வித்யாலட்சுமியில் ராத்திரியே மகள் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். பத்து மணிக்கு வங்கி திறக்கும், கிளம்புகிறோம்.