கதாபாத்திரம் கலையாமல் நிற்கக் கற்றுத்தரும் இரண்டு நாள் மாடலிங் பயிற்சி

கமர்ஷியல் மாடல்களுக்கென்று, அதாவது பொருள் விளம்பரங்களில் சாதாரண மனிதர்களாக நடிக்கிறவர்களுக்கென்று, தனியாக நடத்துகிற ஒரு இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தேன். நடை, போஸ், போர்ட்ஃபோலியோ என்று சொல்லித்தர நிறைய வகுப்புகள் இருக்கின்றன, இங்கே அதெல்லாம் கிடையாது. கேமரா முன்னால் வேறொரு ஆளாக மாறி, ஷூட் முடிகிறவரை அந்த ஆளாகவே இருப்பது எப்படி, அது ஒன்றுதான் பாடம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காப்பீட்டு விளம்பரத்தில் அம்மா வேடம். முதல் ஐம்பது ஃப்ரேமில், அதாவது ஐம்பது படங்களில், அம்மாவாகத்தான் இருந்தேன், அப்புறம் லைட் மாற்றுவதற்காக இருபது நிமிடம் நிறுத்தினார்கள், திரும்பி வந்து நின்றபோது அந்த அம்மா இல்லை, அழகாகச் சிரிக்கிற ஒரு பெண் மட்டும் இருந்தாள். மானிட்டரில் படங்களை வரிசையாக ஓட்டியபோது எந்த இடத்தில் விட்டுப்போனது என்று எல்லோருக்குமே தெரிந்தது. ஃபேஷன் ஷூட்டில் உடை பேசிவிடும். கமர்ஷியலில் பார்க்கிறவர் இவள் ஒரு நர்ஸ், இவள் இப்போதுதான் வீடு வாங்கியவள் என்று நம்ப வேண்டும், அதுவும் வசனமே இல்லாமல், 1/125 நொடியில் பதிகிற ஒரு படத்தை வைத்து.

முதல் நாள் காலையில் ஆளுக்கு ஒரு காலி கோப்பையைக் கொடுத்து, சூடாகக் காபி குடிப்பதுபோல நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பிறகு அதே கோப்பையில் வெந்நீர் ஊற்றி இன்னொரு படம். இரண்டையும் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலி கோப்பையை நான் காகிதத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தேன், மணிக்கட்டில் பாரமே இல்லை. வெந்நீர் இருந்த படத்தில் விரல்கள் கோப்பையின் உடம்பிலிருந்து விலகிக் கைப்பிடிப் பக்கம் ஒதுங்கியிருந்தன, தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, கோப்பை வருவதற்கு முன்பே உதடு அதைத் தேடிப் போயிருந்தது. முகத்தில் நானாக எதையும் மாற்றவில்லை, ஆனால் முகமும் மாறித்தான் இருந்தது. அதிலிருந்து எந்த ஷூட்டிலும் காலிப் பெட்டியைக் கொடுத்தால் உள்ளே நாலு புத்தகமாவது போடச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன்.

சிரிப்பைப் பற்றிய பகுதியும் நன்றாக இருந்தது. டுஷேன் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் புகைப்படம் எடுத்து 1862ல் புத்தகமாகவே போட்டிருக்கிறார். உதட்டை மேலே இழுக்கிற தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கிற தசை பலருக்கும் கேட்காது. அதனால் சிரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள் என்றார் பயிற்சியாளர். ஃபிளாஷ் அடித்ததும் வாயை மூடிக் கீழே பார்த்து மூச்சை விட்டுவிட வேண்டும், மறுபடி நிமிரும்போது நமக்கு நிஜமாகவே பிடித்த ஒருவரைப் பார்த்து மனசுக்குள் "வந்துட்டியா!" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதிதாக. எனக்குக் கன்ன வலியே பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்தப் பயிற்சியின் உயிர் இரண்டாம் நாளில்தான். வேண்டுமென்றே தொந்தரவு செய்தார்கள். ஒருவர் வந்து சட்டையைப் பின்னால் இழுத்து கிளிப் போடுகிறார், ஒருவர் நெற்றியில் பவுடர் ஒற்றுகிறார், கிளையன்ட் வேடத்தில் இருந்தவர் "லேபிள் தெரியவில்லை" என்கிறார். உத்தரவை அப்படியே செய்தால் கை மட்டும் திரும்பும், ஆள் காணாமல் போய்விடுவாள். அதை அவளுடைய காரணமாக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். லேபிளை கேமரா பக்கம் திருப்ப வேண்டுமா, எதிரில் இருக்கிற குழந்தைக்கு அதில் உள்ள எழுத்தைக் காட்டுகிறாள். முகம் இடப்பக்கம் திரும்ப வேண்டுமா, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு திரும்பி வர ஒரே கேள்வி: ஒரு நிமிடத்துக்கு முன்னால் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? அதோடு அவளுக்கே உரிய ஒரு சின்ன அசைவு. நான் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மேலே ஏற்றிவிடுவதை வைத்துக்கொண்டேன். அதைச் செய்தால் அவள் வந்துவிடுகிறாள்.

குறைகளும் உண்டு. பதினெட்டுப் பேருக்கு ஒரே ஒரு கேமரா என்பது ரொம்பக் குறைவு, இரண்டாம் நாள் எனக்குக் கிடைத்தது கால் மணி நேரம்தான். அப்போதுதான் சந்தித்த ஒருவரோடு கணவன் மனைவியாக நிற்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி வருவது, அதைக் கடைசியில் அவசரமாக முடித்தார்கள். ஆனால் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று இருவரையும் முதலில் பேசிக்கொள்ளச் செய்தது மிகச் சரி, எல்லா ஷூட்டிலும் இப்படிச் செய்ய வேண்டும். படங்களை ஒரு வாரத்தில் அனுப்புவதாகச் சொல்லி மூன்று வாரம் கழித்து அனுப்பினார்கள், அதிலும் நன்றாக வந்தவற்றை மட்டும். எனக்குச் சொதப்பிய படங்கள்தான் வேண்டும், தப்பு அதில்தானே தெரியும். கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இதுவரை செட்டையே பார்க்காதவர்கள் முதலில் இதற்குப் போக வேண்டாம், ஐந்தாறு ஷூட் செய்துவிட்டுப் போனால்தான் எது எங்கே கலைகிறது என்று புரியும். போகும்போது உங்களுக்குச் சரியாக வராத ஒரு பழைய ஷூட்டின் ப்ரீஃபை (என்ன வேடம், என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தருகிற குறிப்பை) கையோடு கொண்டுபோங்கள். இரண்டாம் நாள் அதையே எடுத்துச் செய்யச் சொல்வார்கள். நான் அந்த அம்மாவைத்தான் கொண்டுபோனேன்.