நான்கு ரோடு டைப்பிங் சென்டர்: புராஜெக்ட் அடிக்கப் போனவளின் அனுபவம்

தர்மபுரியில் புராஜெக்ட் பிரிண்ட், பைண்டிங் என்றால் நான்கு ரோடு பக்கம் இருக்கும் இந்தக் கடைக்கே போங்கள். ஏப்ரலில் கூட்டம் அதிகம், ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

முதலில் நான் போனது வேறு கடை. "ஏஐ எழுதினது தெரியாத மாதிரி மாத்தித் தர்றோம், ஏஐ ஜீரோ பர்சென்ட்னு ரிப்போர்ட்டும் உண்டு" என்று 1,500 ரூபாய் கேட்டார்கள். வந்துவிட்டேன். அந்த ரிப்போர்ட்டை நம்பி யாரும் காசு கொடுக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

என் எம்.எஸ்சி. தலைப்பு பென்னாகரம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. நானும் தோழியும் வெயிலில் எக்ஸ்எல் வண்டியில் அலைந்து 24 இடங்களில் தண்ணீர் பிடித்து வந்து லேபில் நாங்களே பார்த்தோம். ஆனால் முடிவுகளை விளக்கும் அத்தியாயத்துக்கு நேரம் இல்லாமல் ஒரு இலவச ஏஐ செயலியிடம் கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டிவிட்டேன். தப்புதான். பக்க எண் போட்டுக்கொண்டிருந்த டைப்பிங் அக்கா கையை நிறுத்திவிட்டு, "ஏம்மா, டேபிள்ல 24 இருக்குது, இங்க 40 சாம்பிள்னு வருதே, எது சரி?" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அது கொடுத்த ரெஃபரன்ஸ்களையும் ஒவ்வொன்றாகத் தேடினேன், ஏழில் மூன்று எங்கேயுமே இல்லை. ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது, அப்படி ஒரு கட்டுரைதான் இல்லை.

"திருத்திட்டு வாம்மா, பைண்டிங் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அக்கா ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். பிரிண்ட் போட்டுக் காசு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

நாங்கள் எல்லோரும் பயப்படுவது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 எழுத்துத் திருட்டு விதிக்குத்தான். ஏற்கெனவே வந்த எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை, 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டு தடை, அதற்கும் மேல் என்றால் பதிவே ரத்து. ஆனால் அந்த விதி சாட்ஜிபிடி வருவதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது, பிறர் எழுத்தைத் திருடுவதைத்தான் அந்த சதவீதம் அளக்கிறது. ஏஐ புதிதாகக் கோத்துக் கொடுக்கும் வாக்கியம் அதில் சிக்காமலே போகலாம். எடுக்காத 16 சாம்பிள் என் பெயரில் நூலகத்தில் உட்கார்ந்திருக்குமே, அதை எந்த சதவீதம் காட்டும்?

இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை நானே எழுதினேன். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்ற அளவை ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர் தரநிலையிலேயே பார்த்துப் போட்டேன். இங்கிலீஷ் இலக்கணம் திருத்த மட்டும் ஏஐயைக் கேட்டேன், அதையும் புராஜெக்ட் கைடிடம் முதலிலேயே சொல்லி முன்னுரையில் இரண்டு வரி சேர்த்தேன். துறைக்குத் துறை நிலைமை மாறும், நீங்களும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

பைண்டிங் உறுதி, தங்க எழுத்து பளிச்சென்று இருக்கிறது. ஒரு காப்பியில் கிராஃப் நிறம் மங்கியிருந்தது, கேட்டதும் வேறு போட்டுக் கொடுத்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் அந்த அக்கா இருப்பார்.