சீனாவில் அமேசானா, தாவ்பாவா: நான் ஏன் உள்ளூர்க் கடைக்கு மாறினேன்

2016-இல் வேலைக்காகக் குவாங்சோ போனபோது என் ஃபோனில் இருந்தது அமேசானின் சீனச் செயலி மட்டும்தான். பழகிய பெயர், பழகிய பக்கம். மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பும்போது வீட்டிலிருந்த சாமான்களில் முக்கால்வாசி, அலிபாபா என்ற சீன நிறுவனத்தின் இணையச் சந்தையான தாவ்பாவில் வாங்கியவை. புத்தகத்துக்கு மட்டும் கடைசிவரை அமேசானை விடவில்லை.

கூகுளையும் ஃபேஸ்புக்கையும் அரசு தடுத்ததால்தான் சீனர்கள் உள்ளூர்ச் சேவைகளோடு இருக்கிறார்கள் என்று நம் ஊரில் சொல்வார்கள். பாதி சரி. தடுத்த இடத்தில் விருப்பத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆனால் ஈபேயும் அமேசானும் சட்டப்படி, பெரிய பணத்தோடு சீனாவுக்குள் கடை விரித்தவை. மக்கள் எதை, ஏன் தேர்ந்தார்கள் என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

விலையிலும் ரகத்திலும் தாவ்பாவ். அசல் பொருள் என்ற நிம்மதி, இரைச்சல் இல்லாத பக்கம் என்றால் அமேசான். இதில் பேச அதிகம் இல்லை.

என்னை மாற்றியது ஒரு குக்கர் கேஸ்கட். ஊரிலிருந்து கொண்டுபோன குக்கர், அளவு தெரியாது. தாவ்பாவின் வாங்வாங் அரட்டையில் ஒரு கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு மேல். உடனே ‘சின்’ என்று பதில் வந்தது. அங்கே விற்பவர்கள் வாங்குபவரை அன்பாக அழைக்கும் சொல். மூடியின் உள்விட்டத்தை எப்படி அளப்பது என்று படம் வரைந்து காட்டினார். நான் கொடுத்த பணம், தாவ்பாவோடு இணைந்த பணம் செலுத்தும் சேவையான அலிபேயிடம் இருந்தது. கேஸ்கட் கைக்கு வந்து, சரியாகப் பொருந்தியது என்று நான் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அவருக்குப் போனது.

இந்தப் பேச்சும், பணத்தை இப்படிப் பிடித்துவைத்தலும்தான் தாவ்பாவின் உயிர். 2003-இல் ஈச்நெட் என்ற சீன ஏலத் தளத்தை ஈபே முழுதாக வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் தாவ்பாவ் தொடங்கியது. ஈபே விற்பவரிடம் கட்டணம் வாங்கியது. வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசிக்கொண்டால் வியாபாரம் வெளியே முடிந்துவிடும், கட்டணம் போய்விடும். தாவ்பாவ் கட்டணமே வாங்காததால் அதற்கு அந்தப் பயம் இல்லை; தாராளமாகப் பேசவிட்டது. முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்பத் தயங்கியவர்களுக்காக, பணத்தை நடுவில் வைத்துக்கொள்ளும் அலிபே வந்தது. 2003 அக்டோபரில் அதன் முதல் வியாபாரம், 750 யுவானுக்கு ஒரு பழைய ஃபூஜி கேமரா. வாங்கியவர் சியான் நகர மாணவர்; விற்றவர் ஜப்பானில் இருந்தார். 2006 முடிவில் ஈபே தன் சீனத் தளத்தை மூடியது.

தாவ்பாவுக்கும் குறை உண்டு. போலிப் பொருட்களுக்காக அமெரிக்க வர்த்தக அலுவலகம் 2016-இல் அதைத் தன் கறுப்புப் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. மருந்து, முகப்பூச்சு போன்றவற்றை நான் அங்கே வாங்கியதில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன். என் அனுபவமும் ஒரு பெருநகரத்தோடு நிற்கிறது. சிற்றூரில் இருப்பவர் வேறு கணக்குச் சொல்லலாம்.

பக்கத்து வீட்டு அக்கா குழந்தைக்கு வெளிநாட்டுப் பால்பவுடர் தவிர எதையும் தொடமாட்டார். 2008-இல் மெலமைன் கலந்த பாலால் லட்சக்கணக்கான குழந்தைகள் நோயுற்ற நாடு அது, பயம் நியாயம்தான். ஆனால் அவர் வாங்கியது அமேசானில் அல்ல; வெளிநாட்டுப் பொருட்களுக்காக அலிபாபாவே நடத்தும் டீமால் குளோபலில். டப்பா வெளிநாட்டினுடையதாக இருக்க வேண்டும், கடை தனக்குப் பதில் சொல்கிற கடையாக இருக்க வேண்டும்.

2019 ஜூலையில் அமேசான் சீனாவுக்குள் உள்ளூர் விற்பனையை நிறுத்தியது. நான் விடாமல் பிடித்திருந்த புத்தகத்திலும், அமேசானின் மின்புத்தகக் கடையான கிண்டில் கடை 2023 ஜூனோடு அங்கே மூடப்பட்டுவிட்டது.