வீட்டுக்கே வரும் வலி தணிப்புச் சேவை: எங்கள் அனுபவம்

கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றதும் அப்பத்தா கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வயது 81. "சாகுறதுக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி?" சித்தப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அப்போதுதான் மதுரையில் ஒரு தொண்டு அமைப்பின் வீட்டுச் சேவையில் பதிவு செய்தோம்.

கட்டணம் இல்லை. நர்சம்மா வாரம் ஒருமுறை வருவார். மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வந்த பிறகு அல்ல, கடிகாரம் பார்த்து. மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் முதல் நாளே மருந்து தந்துவிட்டார். 'மார்ஃபின் என்றாலே முடிவுதான்' என்று பயந்த சித்தப்பாவை உட்கார வைத்து, இது வலிக்கு, சரியான அளவில் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது என்று பொறுமையாகப் பேசினார். சித்தப்பா அழுது தீர்த்தது அன்றுதான். எனக்கு இந்தச் சேவையில் பிடித்ததே அதுதான். அப்பத்தா, "பேராண்டி, இந்தப் புள்ளைக்கு ஒரு காப்பி போடு" என்பதோடு சரி.

குறை என்றால், இரவில் போன் எடுப்பதில்லை. ஒரு ராத்திரி வாந்தி நிற்காமல் தவித்துப்போனோம். மார்ஃபின் வாங்கவும் மருத்துவர் சீட்டோடு அவர்களின் மையத்துக்கே போக வேண்டும்; தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தப் பராமரிப்பு உண்டு. கிராமத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் விசாரித்துப் பாருங்கள்.