ஜமோவியில் ஸ்ட்ரூப் தரவு: வில்லங்கம் வரிக்கணக்கில்

புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸின் லைசன்ஸ் முடிந்துவிட்டது, அதே வேலை செய்யும் ஜமோவிக்கு மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இலவசம், உள்ளே ஓடுவது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி என்பதெல்லாம் அவருக்கே தெரியும். யாரும் முன்கூட்டிச் சொல்லாதது தரவின் வடிவம்.

நிறப் பெயர் ஒன்று எந்த நிறத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பதிலளிப்பதுதான் ஸ்ட்ரூப் சோதனை. அதை நடத்தும் சைக்கோபை மென்பொருள் தரும் சிஎஸ்வி கோப்பில் ஒரு முயற்சிக்கு ஒரு வரி. 40 பேர், ஆளுக்கு 96 முயற்சி என்றால் எல்லாவற்றையும் ஒட்டியபின் 3840 வரி. ஒரே ஆளின் இரு நிலைகளை ஒப்பிடும் ஜமோவியின் பெயர்டு டி-டெஸ்டும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவாவும் கேட்பதோ ஆளுக்கு ஒரே வரி: நிறமும் சொல்லும் ஒத்துப்போகும் நிலைக்கு ஒரு பத்தி, முரண்படும் நிலைக்கு இன்னொன்று. முயற்சிக்கு ஒரு வரியான நீளத் தரவை அப்படியே, வெவ்வேறு ஆட்களை ஒப்பிடும் இண்டிபெண்டன்ட் டி-டெஸ்டில் போட்டால் மறுப்பே சொல்லாது. ஒவ்வொரு முயற்சியையும் தனி ஆளாக எண்ணி, டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) 39 வர வேண்டிய இடத்தில் 3838 காட்டி, கண்ணைப் பறிக்கும் பி மதிப்பையும் நீட்டும். இதை நம்பி ஆய்வேட்டில் போட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வது உறுதி.

ஃபில்டரும் வரியைத்தான் வெட்டும். ஆளுக்கு ஒரு வரியாக அகலமாக்கிய பிறகு 'மெதுவான பதில்களை நீக்கு' என்றால் போவது அந்த முயற்சி அல்ல, ஆளே போய்விடுவார். அதனால் தவறான பதில்களையும், 0.2 நொடிக்குள் வந்த அவசர அழுத்தல்களையும் நீளத் தரவிலேயே கழித்துவிட வேண்டும். சைக்கோபையின் கணக்கு நொடியில். மில்லிசெகண்ட் நினைப்பில் '200க்கு மேல்' என்று எழுதினால் ஒரு வரிகூட மிஞ்சாது.

அடுத்து ஆளுக்கு, நிலைக்கு ஒரு மீடியன் (நடு மதிப்பு) வேண்டும். எக்செலின் சாதாரண பைவட் டேபிளில் சராசரி உண்டு, மீடியன் இல்லை. ரியாக்‌ஷன் டைம் வலப்பக்கம் வால் நீண்ட பரவல். ஐந்தாறு மந்தமான பதில்களே சராசரியை இழுத்துவிடும். ஆரில் டீ-அப்ளை (tapply) என்ற ஒரே ஃபங்ஷனுக்கு நேரம், ஆளின் அடையாள எண்ணும் நிலையும் கொண்ட லிஸ்ட், மீடியன் மூன்றையும் கொடுத்தால் 40 வரி, 2 பத்தி அட்டவணை கைக்கு வந்துவிடும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அனோவா அந்த ஆளையே விட்டுவிடும் என்பதால், ஜமோவியில் ஏற்றுமுன் ஒருமுறை கண்ணோட்டுங்கள்.

இதைத் தாண்டிவிட்டால் ஜமோவி சுகம். டிக் அடித்த நொடியில் எஃபெக்ட் சைஸும் (வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது) கான்ஃபிடன்ஸ் இன்டர்வலும் (மதிப்பீட்டின் நம்பக எல்லை) வரும். தரவைத் திருத்தினால் முடிவும் தானே மாறும். சின்டாக்ஸ் மோடில் அதற்கான ஆர் நிரல் வரி தெரியும். தரவும் முடிவும் ஒரே கோப்பில் கிடப்பதால், வழிகாட்டி கேட்டால் அதை அனுப்பினால் போதும். எஸ்பிஎஸ்எஸ்ஸின் அவுட்புட் ஜன்னலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: ஜமோவிக்கு மாற வேண்டாம், ஆரிலேயே முடித்துவிடுங்கள். டீ-அப்ளை எழுதிப் பழகிய கைக்கு டி-டெஸ்ட் இன்னொரு வரி, அவ்வளவுதான்.