22 வருடம், 41 தோட்டா: ஒரு .375 மேக்னம் ரைபிளோடு என் அனுபவம்

தலைப்பைப் பார்த்துச் சிரிக்கலாம், தப்பில்லை. 22 வருடத்தில் 41 தோட்டா சுட்டவன் என்ன பெரிய அனுபவம் எழுதப்போகிறான் என்று எனக்கே தோன்றியது. ஆனால் ஒரு ரைபிளை வைத்திருப்பது என்பதில் சுடுவது ரொம்பச் சின்னப் பங்குதான், அதுவும் சென்னையில்.

ரைபிள் அப்பாவுடையது. வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வேலையில் இருந்தபோது 1968-ல் வாங்கினார். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. ஜெர்மன் மவுசர் வகை போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்க கையால் இயக்கும் தண்டு), .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டா. .375 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்; மேக்னம் என்றால் வழக்கத்தை விட வலுவான தோட்டா. அவர் காலமான பிறகு ஆயுதக் கடையில் டெபாசிட்டில் கிடந்து, பதினான்கு மாத அலைச்சலுக்குப் பின் 2002-ல் என் லைசென்ஸில் ஏறியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை என்ற பேச்சு இங்கே முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் அப்பா இதை வைத்து என்ன சுட்டார் என்று பெருமையாகச் சொன்னதே இல்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நான் சுட்டதெல்லாம் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக்களத்தில், காகித அட்டை.

இப்போது எழுதக் காரணம் என் சித்தி மகன். நமீபியாவில் விண்ட்ஹுக்கில் வேலை. அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிற விஷயம். நண்பர்களோடு பண்ணைகளுக்குப் போகத் தொடங்கியவன், ஒரு நாள் ராத்திரி போன் போட்டான். "அண்ணா, பழைய கிளாசிக் மேக்னம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எந்தத் தோட்டா, எந்த ஆக்ஷன்? பெரியப்பா எதுக்கு த்ரீ செவன்டி ஃபைவ் எடுத்தார்?"

ஆக்ஷன் என்பது போல்டும் அது ஓடுகிற இரும்புச் சட்டமும் சேர்ந்த இயந்திரப் பகுதி. அப்பா எடுத்த காரணம் எனக்குத் தெரியும், பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் மனதில் இருந்தது .404 ஜெஃப்ரி. அந்த நாளில் மலைத்தோட்டக்காரர்கள் மதித்த தோட்டா அது. மவுண்ட் ரோடு கடைக்காரர்தான் தடுத்தார். பிரிட்டிஷ் பெரிய தோட்டாக்களைச் செய்துகொண்டிருந்த கைனாக் கம்பெனி அறுபதுகளில் அந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டிருந்தது. "சார், ரைபிள் உங்க பேரன் காலம் வரைக்கும் இருக்கும், தோட்டா இருக்காது" என்றாராம். .375-ஐ ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற லண்டன் கம்பெனி 1912-லேயே கொண்டுவந்திருந்தாலும், அமெரிக்காவில் வின்செஸ்டர் 1937 வாக்கிலேயே தன் மாடல் 70 ரைபிளில் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. அதனால் தோட்டாவும் அங்கே தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அப்பா கடைக்காரர் பேச்சைக் கேட்டார். ரைபிள் வாங்கப்போகிறவர்கள் வேகம், ஆற்றல் என்று அட்டவணையைப் புரட்டுவதற்கு முன்னால் அந்த ஊர்க் கடையில் எந்தப் பெட்டி அடுக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தம்பிக்கும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

ஆனால் கடைக்காரர் சொன்னது பாதிதான் பலித்தது. எண்பதுகளின் நடுவில் துப்பாக்கி இறக்குமதிக்குக் கெடுபிடி வந்த பிறகு .375 தோட்டாவும் இங்கே அபூர்வமாகிவிட்டது. அப்பா விட்டுப்போனது 52. இடையில் ஒரு கடையில் பழைய சரக்கு பத்து கிடைத்தது. என்ன விலை கொடுத்தேன் என்று வீட்டில் இன்றுவரை தெரியாது. இங்கேயே தயாராகும் .315, .30-06 ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. ரேஞ்சில் அவர்கள் சாவகாசமாகச் சுடும்போது நான் மட்டும் கஞ்சன் மாதிரி எண்ணிக்கொண்டிருப்பேன்.

தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஒன்றைக் கையில் எடுத்தால் நீளம் சுமார் 91 மில்லிமீட்டர், சுண்டுவிரலை விடப் பெரியது. பித்தளைக் கூடு அடியிலிருந்து மேலே போகப் போகச் சரிந்து ஒடுங்குகிறது, கூடு கழுத்தாகக் குறுகும் இடத்தில் தோள்பட்டை என்று சொல்லவே ஒன்றும் பெரிதாக இல்லை. அடியில் அரைஞாண் மாதிரி ஒரு வளையம். இந்த வளையத்தை வலிமைக்காகப் போட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. தோள் இவ்வளவு சரிவாக இருந்தால் தோட்டா குழலுக்குள் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்குப் பிடிமானம் இருக்காது, அதைத்தான் இந்த வளையம் கொடுக்கிறது. சரிவுக்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்து மருந்து கார்டைட், சேமியா மாதிரி நீள நீளக் குச்சிகள். வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சித்திரை வெயிலில் சுட்டுவிட்டுக் கூடு குழலில் இறுகிக்கொண்டால், எதிரில் நிற்பது எதுவாக இருந்தாலும் கஷ்டம். கூம்பான தக்கையைக் கொஞ்சம் அசைத்தாலே கழன்றுவிடும், நேரான தக்கையைக் கடைசி வரை மல்லுக்கட்டி இழுக்க வேண்டும். அதே கணக்குதான். உள்ளே போகும்போதும் புனலுக்குள் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த நீளம்தான் ஆக்ஷன் கேள்வியைக் கொண்டுவருகிறது. ராணுவ மவுசர் 98 சுமார் 82 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அளவெடுத்தது. அதில் .375-ஐ நுழைக்க வேண்டுமென்றால் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) முன்னும் பின்னும் அராவி நீட்ட வேண்டும். முன்பக்கம் அராவும்போது போகிற இரும்பு சாதாரண இரும்பு அல்ல. போல்டின் கீழ்க் கொண்டி வெடியின் தள்ளலைத் தாங்குவதற்குச் சாய்ந்து நிற்கிற இடம் அங்கேதான் இருக்கிறது. நன்றாகச் செய்த வேலைகளும் உண்டு, சுரண்டித் தள்ளிய வேலைகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் பழைய ரைபிள் வாங்கினால் பிறக்கும்போதே நீளமாகப் பிறந்த மேக்னம் ஆக்ஷன்தான் வாங்க வேண்டும், மாற்றி அமைத்தது வேண்டாம் என்பது என் கட்சி. 1956 முதல் வின்செஸ்டர் இதே அரைஞாண் கூட்டைக் குட்டையாக்கி .458, .338, .300 என்று வரிசையாக விட்டதே, சாதாரண நீள ஆக்ஷனில் அடங்கட்டும் என்றுதான்.

அடுத்தது கொக்கி. மவுசரில் போல்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு எஃகுப் பட்டை, அதன் நுனியில் கொக்கி. போல்டை முன்னால் தள்ளும்போது தோட்டா மேகசினிலிருந்து எழும்பி, குழலுக்குள் போவதற்கு முன்பே கொக்கிக்கு அடியில் வழுக்கி ஏறிக்கொள்ளும். என் ரைபிளில் அந்த இடத்தில் 'ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு தோட்டா போல்டின் பிடியில்தான் இருக்கும். முன்னே தள்ளினால் போகும், பின்னே இழுத்தால் வரும். மற்ற வகையில் போல்ட் தோட்டாவை வெறுமனே முட்டித் தள்ளிக்கொண்டு போகும். முழுக்க மூடும்போதுதான் கொக்கி பிடிக்கும்.

இந்த வித்தியாசம் ஏட்டளவில்தான் என்று நினைத்திருந்தேன், 2017-ல் நமீபியா போகும் வரை. ஒரு பண்ணையில் நூறு மீட்டரில் அட்டை கட்டி, தம்பியின் நண்பருடைய தள்ளும் வகை .375-ஐக் கொடுத்தார்கள். தம்பி முதல் குண்டு சுட்டான். இரண்டாவதற்கு அவசரமாகப் போல்டை முன்னால் தள்ளியவன், மூடாமல், என்ன நினைத்தானோ, பின்னால் இழுத்து மறுபடியும் தள்ளினான். முதல் தள்ளில் போன தோட்டா குழலிலேயே தங்கிவிட்டது. அடுத்தது அதன் முதுகில் போய் முட்டிக்கொண்டு நின்றது. போல்ட் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. குழலை அட்டைப் பக்கமே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆனது. அட்டை காத்திருந்தது. எருமை காத்திருக்காது என்று நண்பர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அது ரைபிளின் கோளாறு இல்லை, கையின் கோளாறு. ஆனால் பயத்தில் கை அப்படித்தான் செய்யும், கொக்கி வகை அதை மன்னித்துவிடும்.

கொக்கிக்கும் ஒரு வீம்பு உண்டு. தோட்டாவை நேராகக் குழலில் போட்டுப் போல்டை மூடக் கூடாது. பட்டை அதன் மேல் ஏறத் திணறும், நுனி சிதறவும் செய்யும். எப்போதும் மேகசின் வழியாகத்தான். அப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம் இது.

உதை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) குண்டு வினாடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் கிளம்புகிறது. .30-06-ஐ விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உதை. ஆனால் நாலு கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் அறைவதில்லை, ஆளைத் தள்ளும். நின்று சுட்டால் ஒன்றும் தெரியாது, மேஜையில் சாய்ந்து சுட்டால் மறுநாள் சட்டை போடும்போது தெரியும். என் வலது புருவத்தில் பிறைநிலா மாதிரி ஒரு தழும்பு உண்டு. ஸ்கோப்பைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே மாட்டிய என் புத்திசாலித்தனத்தின் பரிசு. அதற்குப் பிறகு ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டேன், இரும்புக் குறிதான்.

பிடிக்காத ஒன்று சேஃப்டி. என் ரைபிளில் முன்னால் தள்ளினால் பூட்டு, பின்னால் இழுத்தால் சுடத் தயார். மற்ற பல ரைபிள்களில் இதற்கு நேர் எதிர். வீட்டில் இருக்கும் .22-வும் அப்படித்தான். இரண்டையும் ஒரே நாளில் ரேஞ்சுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன்.

சரி, சென்னைக்கு வருவோம். இங்கே ரைபிளுக்கு எதிரி உப்புக் காற்று. முதல் இரண்டு வருடம் அப்பாவின் தோல் உறையிலேயே வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கிறதே என்று. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால் குழலின் கீழ்ப்பக்கம் மிளகு தூவிய மாதிரி புள்ளிகள். அன்றிலிருந்து உறை வேறு, ரைபிள் வேறு. எண்ணெயில் நனைத்த துணியால் மாதம் ஒரு முறை துடைப்பது, பீரோவில் சிலிக்கா ஜெல் பைகள், அவ்வளவுதான். அப்பா சுட்டு முடித்ததும் கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுவார். பழைய தோட்டாக்களின் தீப்பொறி மருந்து குழலில் ஒரு வகை உப்பை விட்டுப்போகும், அதை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பின்னால் வந்த தோட்டாக்களுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் பல வருடம் நானும் ஊற்றிக்கொண்டிருந்தேன், திதி கொடுப்பது மாதிரி.

ரைபிளின் மரப்பகுதியான கட்டை வால்நட் மரம். சித்திரையில் நேராக அடிக்கிற ரைபிள் ஐப்பசியில் நூறு மீட்டருக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம் போகும். மழைக்கு மரம் உப்பிக் குழலை நெருக்குகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் வந்தபோது கீழ்த் தளத்தில் இருந்த பீரோவுக்குள்ளும் தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையில் ரைபிள், வாயில் லைசென்ஸ் புத்தகம் என்று மாடி ஏறினேன். கரண்ட் வந்ததும் கட்டையைக் கழற்றினேன். வெளியே பளபளவென்று இருந்தது. கட்டையும் இரும்பும் சேரும் மடிப்பில் மட்டும் ஆரஞ்சுச் சேறு. வெளியே துடைத்து வைத்துவிட்டுத் திருப்தியாக இருந்திருந்தால் ஒரே மாதத்தில் உள்ளே அரித்திருக்கும்.

இந்த 22 வருடத்தில் ரைபிள் அதிகம் போன இடம் ரேஞ்ச் அல்ல, போலீஸ் ஸ்டேஷன். ஒவ்வொரு தேர்தலுக்கும் டெபாசிட் செய்ய வேண்டும். 2004 முதல் 2024 வரை ஒன்பது பொதுத்தேர்தல், உள்ளாட்சி தனி. கட்டையில் இருக்கிற பெரிய வடு காட்டில் பட்டது இல்லை, ஒரு ஸ்டேஷன் அறையில் மற்ற துப்பாக்கிகளோடு சாய்த்து வைத்ததில் பட்டது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு மூன்று என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். என்னிடம் மூன்று. நியாயமாகப் பார்த்தால் தோட்டா கிடைக்காத .375-ஐத்தான் கொடுத்திருக்க வேண்டும். பன்னிரண்டு போர் ஷாட்கன்னைக் கொடுத்தேன்.

தம்பிக்கு என்ன சொன்னேன்? நமீபியாவில் மிருகத்துக்கு மிருகம் குறைந்தபட்ச ஆற்றலைச் சட்டமே வகுத்திருக்கிறது. ஸ்பிரிங்பாக் மாதிரிச் சின்ன மானுக்கு 1,350 ஜூல், குடு, ஓரிக்ஸ் மாதிரிப் பெரிய மானுக்கு 2,700, எருமை, யானைக்கு 5,400. .375 சுமார் 5,700 தரும். அவன் போவதோ ஓரிக்ஸுக்கு. .30-06-ஏ 3,800 தாண்டும். மேக்னமே வேண்டாம் என்றேன். எருமை ஆசை இருந்தால் மட்டும் .375, அதுவும் கொக்கி வைத்த முழுநீள ஆக்ஷன். 'கிளாசிக்' என்ற சொல்லுக்காகத் தோளைக் கொடுக்காதே என்றேன். அவன் மூன்று மாதம் யோசித்துவிட்டு, நான் சொன்னதற்கு நேர் எதிராக, பழைய செக்கோஸ்லோவாக்கிய .375 ஒன்றை வாங்கினான். பெரியப்பா ரைபிள் மாதிரியே இருந்ததாம்.

போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினான். அந்த ஊர்க் கடை அலமாரி, .375 பெட்டிகள் இரண்டு வரிசை. "பத்துப் பெட்டி அனுப்பவா அண்ணா?" என்று கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. அனுப்ப முடியாது என்று அவனுக்கும் தெரியும். நான் 41 சுட்டாயிற்று, இரண்டு வெடிக்கவே இல்லை. மீதி 19 இருக்கிறது. தை பிறந்ததும் இரண்டை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போக வேண்டும்.